நீலத் தொப்பிக்கு முன்: யாரை அனுப்புகிறார்கள்?

இலங்கைப் படையினர் ஐ.நா. அமைதி காக்கும் பணிக்குப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தால், அடுத்த நாள் என் அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள்: “எங்களுக்குச் செய்ததுக்கே பதில் இல்லை, இவை அங்க போய் ஆரைக் காக்கப் போகினம்?” வன்னியில் தாபரிப்பு வழக்குகளும் பெண்கள், சிறுவர் தொடர்பான முறைப்பாடுகளும் பார்க்கும் சட்டத்தரணி நான். இந்தக் கேள்வியை வெறும் கோபம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது: இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. பலருக்கு அது தெரியாது.

எங்கள் மூத்தவர்கள் அமைதிப்படை என்றதும் 1987க்குப் போய்விடுவார்கள். அது இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்து 1990 மார்ச்சில் திரும்பிய இந்திய இராணுவம். ஐ.நா. அனுப்பியதல்ல. நான் சொல்வது உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும், நீலத் தொப்பி அணியும் படைகளைப் பற்றி. ஒரு படையாளுக்கு மாதம் 1,400 டொலருக்குச் சற்று மேலே ஐ.நா. அந்த அரசுக்குக் கொடுக்கிறது. வறிய நாடுகள் ஆர்வமாக ஆள் அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புறப்படுமுன் பயிற்றுவிப்பது அனுப்பும் நாட்டின் பொறுப்பு, பாடங்களை ஐ.நா. வகுத்துத் தருகிறது. அமெரிக்கா 2004இல் அறிவித்த உலக அமைதி நடவடிக்கைத் திட்டம் போன்றவை பங்காளி நாடுகளுக்கு உபகரணமும் உதவியும் கொடுத்தன. வெளியார் வந்து படையைப் பயிற்றுவதை விட, அந்தந்த நாட்டிலேயே பயிற்றுநர்களை உருவாக்கி விடுவதுதான் நோக்கம். இலங்கையில் இதற்கென்றே குக்குலேகங்கையில் இராணுவத்தின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

பாலியல் சுரண்டல் பற்றிய பயிற்சி அமர்வுகளில் வளவாளராக நான் இருந்திருக்கிறேன். ஒரு முறை சோதனைச் சாவடி ஒன்றை நடித்துக் காட்டச் சொன்னோம். ஒரு பெண் உத்தியோகத்தர் பதினாறு வயதுப் பிள்ளையாக வந்து “பசிக்குது” என்றார். காவலில் நின்றவர் பிஸ்கட் பக்கெற்றை நீட்டினார். நல்லது. ‘அடுத்த நாளும்’ பிள்ளை வந்தாள், பக்கெற் கிடைத்தது. மூன்றாம் நாள் அந்தக் காவலர், “இரவில நான் தனியத்தான் நிற்பன்” என்று தானாகவே ஒரு வசனத்தைச் சேர்த்தார். அறை முழுக்கச் சிரிப்பு. நடிப்பை அங்கேயே நிறுத்தி, ஐ.நா. செயலாளர் நாயகத்தின் 2003ஆம் ஆண்டு அறிவித்தலை அவரையே வாசிக்கச் சொன்னேன். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு பாலுறவு தடை. வயதைத் தவறாக நினைத்தேன் என்று சாட்டுச் சொல்ல முடியாது. பணம், வேலை, பொருள், உணவு எதைக் கொடுத்தும் பாலுறவு பெறக்கூடாது.

“அவளே சம்மதிச்சால்?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். போர் முடிந்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், பவுசரைத் திறப்பவன் கேட்கும்போது சம்மதத்துக்கு என்ன பொருள் என்று.

அந்த அறிவித்தல் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் ஹெய்ட்டி நடந்தது. 2004இல் இலங்கைப் படை அங்கே போனது. சிறுமிகள், சிறுவர்கள் உட்படப் பலர் சுரண்டப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழ, 2007 நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2017இல் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட விசாரணை, 134 இலங்கைப் படையினர் சம்பந்தப்பட்டதாகவும் எவரும் சிறைக்குப் போகவில்லை என்றும் சொன்னது. விதி இருந்தது, விதியைக் கண்டு பயப்படக் காரணம் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை? ஐ.நா.வோடு செய்யும் உடன்பாட்டின்படி, படையினர் செய்யும் குற்றத்தை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே. ஐ.நா. ஆளைத் திருப்பி அனுப்பலாம், கொடுப்பனவை நிறுத்தலாம், சிறையில் போட முடியாது. எங்கள் நீதவான் நீதிமன்றத்தில் ஒரு தாய் தாபரிப்புக் கேட்டு வழக்குப் போட்டால், பிள்ளையின் தகப்பன் கொழும்பில் இருந்தாலே அழைப்பாணை ‘குறித்த முகவரியில் இல்லை’ என்று திரும்பி வருகிறது. படையினன் ஒருவனின் பிள்ளையைப் பெற்ற ஹெய்ட்டித் தாய்க்கு அவன் முழுப் பெயரே தெரியாது. வழக்கு வேறொரு கண்டத்தில், வேறொரு மொழியில், பெரும்பாலும் இராணுவ நீதிமன்றத்தில்.

ஆகவே பாடத்தை நல்லாக்குவது பற்றிய பேச்சில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆளைத் தெரிவு செய்யும் இடத்தில்தான் கையை வைக்கவேண்டும். 2018 அக்டோபரில் மாலியில் இருந்த இலங்கைப் படையணியின் தளபதியை, மனித உரிமைப் பின்னணி தொடர்பான தகவல்களைப் பார்த்துத் திருப்பி அனுப்புமாறு ஐ.நா. கேட்டது. போரில் முன்னணியில் நின்ற, மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகளுக்கு உள்ளான சவேந்திர சில்வா 2019 ஓகஸ்டில் இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டதும், மிக அவசியமான இடங்கள் தவிர மற்றவற்றுக்கு இலங்கை இராணுவத்தினரை எடுப்பதை நிறுத்திவைத்தது. அதே 2019 ஜனவரியில் மாலியில் கண்ணிவெடியில் இரண்டு இலங்கைப் படையினர் இறந்ததையும் சொல்லவேண்டும். போகிற எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். அதற்காகத்தான் ஆளுக்கு ஆள் பார்க்கவேண்டும் என்கிறேன்.

அப்படிப் பார்க்கும் வேலையில் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பங்கு உண்டு. பார்க்கும்போது கையில் என்ன இருக்கும்? எழுத்தில் வந்த முறைப்பாடுகள். வன்னியில் பலரிடம் தகவல் இருக்கிறது, ஆனால் அது வீட்டுக்குள் கதையாகவே கிடக்கிறது. வாய்க்கதையை எந்தப் பரிசோதனையிலும் தேட முடியாது.

முறைப்பாடு செய்கிறவர்கள் திகதி, இடம், நேரம், எந்த முகாம் அல்லது சாவடி, சீருடையில் கண்ட அடையாளம், கூட இருந்தவர்கள் என்பவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, முகாமும் திகதியும் இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள், ஒரு பொய் விவரம் மற்ற உண்மைகளையும் கெடுத்துவிடும். பொலிஸில் சொல்வதென்றால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. விளங்காத சிங்களத்தில் எழுதியதில் கையெழுத்து வைத்துவிட்டு என்னிடம் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது நடந்த சம்பவம் என்றால் காலம் முக்கியம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. போக வசதியில்லாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.