டம்போ: ‘சதுப்பு’ என்று போட்டால் போதுமா?

ஜாம்பியா, மலாவி நாட்டுப் பறவைகளைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தச் சொல் காலில் தட்டும். தமிழில் எழுதும்போது ‘சதுப்பு நிலம்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அது பாதிதான் சரி.

டம்போ, ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்துச் சொல். மலாவியில் சிச்சேவா என்றும் ஜாம்பியாவில் நியாஞ்சா என்றும் வழங்கும் மொழியிலிருந்து வந்தது. பன்மையில் மடம்போ. ஊர்ப் பேச்சில் மாடு மேயும் தாழ்ந்த புல்வெளிக்கு இந்தப் பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில், 1930-களில் அங்கே மண்ணையும் மரத்தையும் ஆராயப் போனவர்கள், இந்த நிலத்துக்குத் தங்களிடம் சரியான சொல் இல்லாததால் ஊரார் சொன்னதையே எடுத்துக்கொண்டார்கள். இப்போது அது நிலவியல் கலைச்சொல். இதையொத்த நிலத்தைத் தென்னாப்பிரிக்காவில் ஃப்ளே என்பார்கள். தான்சானியாவில் சுவாஹிலி பேசுவோர் ம்புகா என்பார்கள்.

சரி, அந்த நிலம் எப்படி இருக்கும்? மியோம்போ என்னும் அந்த ஊர்க் காட்டு மரங்கள் விரவிய சவானா மேட்டு நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. மேட்டில் பெய்த நீர் மண்ணுக்குள் இறங்கி, மெல்ல நகர்ந்து, மரங்களுக்கு இடையே கிடக்கும் ஆழமில்லாத பள்ளங்களில் கசிந்து வெளியே வரும். பள்ளத்தின் நடுவே கரிய களிமண். அது நீரைக் கீழே விடாது. வேர் அழுகிவிடும் என்பதால் மரம் வளராது, புல்லும் கோரையும்தான். மழை நின்று சுற்றிலும் காடு காய்ந்து சருகான பிறகும் இந்தப் பள்ளம் மட்டும் பச்சையாக இருக்கும். மலாவியில் வறண்ட மாதங்களில் இதில் காய்கறி போடுவார்கள். அந்தத் தோட்டத்துக்கு டிம்பா என்று தனிப் பெயரே உண்டு.

ஆற்று வெள்ளம் கரை மீறிப் பரவும் இடம் வேறு. ஜாம்பியாவில் ஓடும் காஃபூவே ஆற்றங்கரையின் பெரும் வெள்ளச் சமவெளியை டம்போ என்று எழுதினால் தவறு. டம்போவுக்குக் கசிவுதான் உயிர்.

அந்தக் கசிவை நம்பி ஒரு பறவை இருக்கிறது. ஆப்பிரிக்கக் கொக்குகளிலேயே உயரமானது, கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மீட்டர். ஆங்கிலத்தில் Wattled Crane. தாடையிலிருந்து இரண்டு வெள்ளைத் தொங்கல்கள் ஆடுவதால் தமிழில் அலைதாடிக் கொக்கு என்று வைத்துக்கொள்கிறேன். (நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு இல்லை, இது வட இந்தியச் சாரசக் கொக்கின் உறவு.) ஜாம்பியாவில்தான் இது அதிகம். டம்போவின் ஈரமான நடுப்பகுதியில் கோரையைப் பிடுங்கிப் பிடுங்கிக் குவித்து மேடு கட்டும். பிடுங்கிய இடம் மேட்டைச் சுற்றி அகழி மாதிரி ஆகி, அதில் நீர் நிற்கும். அதுதான் காவல். ஒன்று அல்லது இரண்டு முட்டை. இரண்டு இட்டாலும் பெரும்பாலும் ஒரே குஞ்சைத்தான் வளர்த்தெடுக்கும். அந்தக் குஞ்சு பறக்க மூன்று, நான்கு மாதம் ஆகும்.

சிக்கல் அங்கேதான். டம்போவில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அகழி காயும், நாயும் நரியும் நடந்தே போய்விடும். புதுப்புல் வரட்டும் என்று வறண்ட பருவத்தில் வைக்கும் தீ, பறக்கத் தெரியாத குஞ்சு இருக்கும் புல்லுக்கே வந்து சேரும். சுமார் 22,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காஃபூவே தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில்கூட, எல்லை போட்டுவிட்டால் வேலை முடிவதில்லை. எந்த மாதத்தில், எந்தப் பக்கம் தீ வைப்பது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி தமிழ்ச் சொல். ‘சதுப்பு’ என்றால் ஆண்டு முழுதும் கால் புதையும் சேறு மனத்தில் வரும்; டம்போவின் ஓரங்களில் வறண்ட பருவத்தில் தாராளமாக நடக்கலாம். ‘ஈரநிலம்’ பொதுச்சொல், ஏரியும் அலையாத்திக் காடும் அதில் அடங்கிவிடும். ‘கழுவெளி’யில் கடலின் உப்பு இருக்கிறது. ‘பழனம்’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் சொன்னதுமே நெல் வயல் வந்து நிற்கிறது.

எனக்குக் கிடைத்ததில் நெருங்கிய சொல் யாழ்ப்பாணத் தமிழில் இருக்கிறது: தரவை. மாரியில் வெள்ளம் தேங்கி, கோடையில் மாடு மேயும் மரமற்ற வெளி. பருவம், புல், மாடு, மரமின்மை நான்கும் பொருந்துகின்றன. ஒரே இடறல், கடலோரத் தரவைகள் பல உவர் நிலம், டம்போ நன்னீர். அதனால் முதல் தடவை ‘டம்போ என்னும் ஊற்றுத் தரவை’ என்று எழுதிவிட்டு, அப்புறம் வெறும் தரவை என்றே தொடர்கிறேன்.