உயரம் குறைந்தவர்களுக்குச் சீட்டை மட்டும் இறக்கினால் போதுமா?

திருப்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். போன தை மாதம் ஒரு அக்கா வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, போக வர எட்டு கிலோமீட்டர். உயரம் நாலடி ஒன்பது அங்குலம், அதாவது 145 சென்டிமீட்டர். ஓட்டி வந்தது 26 அங்குலச் சக்கரம் வைத்த லேடீஸ் சைக்கிள். சீட்டை அடிமட்டம் வரை இறக்கியிருந்ததில் அதன் ஸ்பிரிங் ஃப்ரேமில் உரசி அந்த இடத்தில் பெயின்ட்டே போயிருந்தது.

"ஏனுங்கண்ணா, மிதிக்கப் பாரமா இருக்குதுங்க, பால்ஸ் மாத்தோணுமா பாருங்க" என்றார்.

பால்ஸ், அதாவது அச்சில் உருளும் பேரிங் குண்டுகள், நன்றாகத்தான் இருந்தது. படியேறும்போது முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுபோலப் பார்த்தார். இதில் ஜோசியம் எதுவும் இல்லை. சீட்டு ரொம்பத் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கும், அந்த மடங்கிய நிலையிலேயே மொத்த பாரத்தையும் அழுத்த வேண்டியிருக்கும், ஒரு நாளில் ஆயிரம் தடவைக்கு மேல். முட்டிச் சில்லுக்கு முன்பக்கம் வலி வராமல் என்ன செய்யும்?

நம் ஊரில் உயரம் குறைந்தவர்கள் சைக்கிளுக்குத் தக்கபடி தங்களை வளைத்துக்கொண்டே பழகிவிட்டார்கள். இங்கிலாந்து ரோட்ஸ்டர் மாதிரியில் வந்த நம் பழைய சைக்கிளுக்கு 28 அங்குலச் சக்கரம், 24 அங்குல ஃப்ரேம். அதில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகியவன்தான் நானும். ஆனால் சின்னப் பையன் வளர்ந்துவிடுவான், நாற்பது வயது அக்கா இனி எங்கே வளர்வது?

சீட்டு உயரத்தை எப்படிப் பார்ப்பது என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள், ஒரு பெடலை அடியில் விட்டு அதன்மேல் குதிகாலை வையுங்கள், கால் நேராக நீண்டிருந்தால் சீட்டு சரி. மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று, "ரெண்டு காலும் தரையில எட்டாதே?" எட்டாது. எட்ட வேண்டியதும் இல்லை. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான தெருவில் பத்து தடவை செய்து பார்த்தால் வந்துவிடும்.

சரி, அவருக்கு அந்த 26 அங்குலச் சைக்கிளிலேயே சீட்டைச் சரி செய்திருக்கலாமே? முடியாது. ஹேண்டில் எட்டாமல் முன்னால் சரிந்து உட்கார்ந்திருந்தார். திருப்பும்போது பெருவிரல் முன் மட்கார்டில் தட்டியது. சின்ன ஃப்ரேமில் பெரிய சக்கரத்தை மாட்டினால் இந்தத் தொல்லை வரும். அதனால் சக்கரத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

பழைய 24 அங்குல லேடீஸ் சைக்கிள் ஒன்று 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இங்கே எல்லாம் 'லேடிபேர்ட்'தான். வாங்கும்போது பார்க்க வேண்டியது பெயின்ட் அல்ல. ஃபோர்க் வளைந்திருக்கிறதா, வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் பில்லர் துருப்பிடித்து இறுகாமல் அசைகிறதா, இதெல்லாம்தான். பின் அச்சு உட்காரும் பிளவு படுக்கைவாக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலர் பழைய கியர் சைக்கிளில் கியரைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்சக்கரம் போடச் சொல்வார்கள். அதில் பிளவு செங்குத்தாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க வழியில்லை, செயின் கழன்றுகொண்டே இருக்கும்.

டயரை அந்த அக்காவே போகிற வழியில் வாங்கி வந்தார், அதில் ஒரு நாள் வீணாகப் போனது. 24 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். 24 x 1⅜ டயரின் ஓரத்தில் 37-540 என்று இருக்கும், 24 x 1.75 என்றால் 47-507. அந்த 540-உம் 507-உம் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 33 மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த லீவராலும் இழுத்துச் சரிக்கட்ட முடியாது. கடையில் அந்த மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் கிராங்க், பெடலை நடு அச்சோடு சேர்க்கும் இரும்புக் கை. பலர் தொடவே தொடாத இடம் இதுதான். வழக்கமாக வருவது ஆறரை அங்குலம், 165 மில்லிமீட்டர். நான் ஆறு அங்குலம், 152 மில்லிமீட்டர் போட்டேன். பெடல் மேலே வரும்போது 13 மில்லிமீட்டர் குறைவாக ஏறும். அடியிலும் அதே அளவு குறைவாக இறங்குவதால் சீட்டையும் அவ்வளவு ஏற்றலாம். முட்டிக்கு ரெண்டு பக்கமும் லாபம். கிராங்க்கை அச்சில் இறுக்கும் இரண்டு காட்டர் பின்னும் எதிரெதிர்ப் பக்கமாக இறங்க வேண்டும், இல்லையென்றால் பெடல்கள் ஒரே கோட்டில் நிற்காமல் கோணிக்கொள்ளும்.

பக்கத்துக் கடைக்காரர், "சக்கரம் சின்னதாச்சு, கிராங்க்கும் சின்னதாச்சு, ஸ்பீடு வராது, 16 பல் ஃப்ரீவீல் போட்டு விடு" என்றார். நான் 18-ஐ மாற்றவில்லை. கணக்கு இப்படி. முன்னால் பெடலோடு சுற்றும் செயின்வீலுக்கு 44 பல், பின் சக்கரத்து ஃப்ரீவீலுக்கு 18 பல், 26 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய 5.1 மீட்டர் போகும். அதே பல்லோடு 24 அங்குலம் என்றால் 4.7 மீட்டர். கிராங்க்கும் அதே எட்டு சதவீதம் குட்டையாகியிருப்பதால் காலுக்குத் தெரிகிற பாரம் பழையபடியேதான் இருக்கும், கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு 17 கிலோமீட்டர் வரும். பின்னால் பல் குறைந்தால் மிதி பாரமாகும், 16 பல் போட்டிருந்தால் பாலம் ஏறும்போது அவர் இறங்கித்தான் தள்ளியிருப்பார்.

பிரேக்கில் நான் கஞ்சத்தனம் செய்வதில்லை. சின்னக் கைக்கு லீவர் எட்டாமல் விரல் நுனியால் இழுப்பவர்கள் நிறைய. லீவரில் சின்ன ஸ்க்ரூ இருந்தால் அதை முடுக்கினாலே லீவர் பாருக்குப் பக்கத்தில் வந்துவிடும், அந்த மாதிரி பார்த்து வாங்கினேன். ஒயர், பிரேக் கட்டை எல்லாம் புதிது. ஹேண்டில் மட்டும் பழையதே, பின்னால் வளைந்த லேடீஸ் ஹேண்டில் என்பதால் கைக்கு நன்றாக எட்டியது. டயர், டியூப், செயின், ஃப்ரீவீல், கிராங்க், பிரேக், கிரீஸ் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்ச் சொச்சம், என் கூலி தனி. ரிம் கோட்டம் எடுக்கவே அரை நாள் பிடித்தது, அதற்கு எவன் காசு தருகிறான்?

முதல் நாள் இரண்டு காலும் தரையில் எட்டவில்லை என்று அரை மனதோடுதான் ஓட்டிப் போனார். புது ஒயர் கொஞ்சம் இளகும், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தார். பிரேக்கை முடுக்கிக் கொடுத்ததும் போகாமல் நின்றார்.

"சீட்டை இன்னுங்கொஞ்சம் ஏத்தி வுடறீங்களாங்ணா?"

குதிகாலை வைக்கச் சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் இடம் இருந்தது. இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், ஏற்றினேன். பில்லரில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரிய இன்னும் ஒன்றரை அங்குலம் மிச்சம் இருந்தது.