ஜீன்ஸ் நீலத்துல ஒரு ட்ரான்சிஸ்டர்

ஜீன்ஸ் பேன்ட்டுக்குப் போடுற இண்டிகோ, அதாவது நம்ம திண்டிவனம் பக்கம் அவுரிச் செடியிலருந்து எடுக்கற அதே நீலம், செமிகண்டக்டராவும், அதாவது சிப்புல சிலிக்கான் மாதிரி கரண்டைக் கட்டுப்படுத்தி விடற பொருளாவும், வேலை செய்யும்னு 2012ல ஒரு டீம் காமிச்சாங்க. ஆஸ்திரியாவுல லின்ஸ் யுனிவர்சிட்டி ஆளுங்களும் ரஷ்யாவுல செர்னோகோலோவ்கா ஆய்வாளர்களும் சேர்ந்து பண்ண வேலை, மிஹாய் இரிமியா-விளாடு, எரிக் குவோவாட்ஸ்கி, துருக்கியில பொறந்த சரிச்சிஃப்ட்சி எல்லாம் அதுல இருந்தாங்க.

இது ஏன் பெரிய விஷயம்னா, ஆர்கானிக் எலக்ட்ரானிக்ஸ்ல, அதாவது சிலிக்கானுக்குப் பதிலா கார்பன் மூலக்கூறுகளை வச்சு செய்யறதுல, கார்பன் அணுக்களுக்கு நடுவுல ஒத்தைப் பிணைப்பு ரெட்டைப் பிணைப்புன்னு மாறி மாறி நீளமா வந்தாதான் எலக்ட்ரான் நல்லா ஓடும்னு நினைச்சிட்டிருந்தாங்க, இண்டிகோல அந்தத் தொடர் நடுவுலயே அறுந்துபோகுது.

அப்ப கரண்ட் எப்படிப் போகுது? ஒவ்வொரு இண்டிகோ மூலக்கூறும் பக்கத்துல இருக்கற நாலு மூலக்கூறோட ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்குது, டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் பிடிச்சு வச்சிருக்கறதும் இதே வகைப் பிணைப்புதான். தனியாப் பாத்தா ஒண்ணொண்ணும் வீக்கு, ஆனா எல்லாம் சேர்ந்து மூலக்கூறுகளை ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கமா அடுக்கிடுது, அந்த நெருக்கத்துல எலக்ட்ரான் ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குத் தாவிடும். நெகட்டிவ் சார்ஜ், பாசிட்டிவ் சார்ஜ் ரெண்டுமே ஓடுது, இது அபூர்வம். இண்டிகோ தண்ணியில கரையாம சாயமா நிக்கறதுக்கும் இந்தப் பிடிமானம்தான் காரணம்.

இதை வச்சு ட்ரான்சிஸ்டர், அதாவது கரண்டைத் திறந்து மூடற குட்டி சுவிட்ச், செஞ்ச முறையும் அழகு. அரக்குல தாள் மாதிரி ஒரு அடித்தளம் செஞ்சு, அது மேல வேக்யூம்ல இண்டிகோவை ஆவியாக்கி நானோமீட்டர் கணக்குல மெல்லிசாப் படிய வச்சாங்க. அரக்கு பூச்சி தர்ற பிசின், மாத்திரைக்கு மேல பூசறது, வயித்துக்குள்ள போனாலும் ஒண்ணும் ஆகாது. வேலை முடிஞ்சதும் மக்கிப்போற எலக்ட்ரானிக்ஸ்ங்கறதுதான் அவங்க நோக்கமே, ஈ-வேஸ்ட் மலையாக் குவியற இந்தக் காலத்துல இதுக்கு இன்னும் நிறைய பேர் வரணும்னு எனக்குத் தோணுது.

ஸ்பீடு கம்மிதான். சார்ஜ் நகர்ற வேகத்தை அளக்கற யூனிட்டுல சிலிக்கான் ஆயிரத்தைத் தாண்டும், இண்டிகோ 0.01 பக்கம். ஆனா அதே ஹைட்ரஜன் பிணைப்பு ஐடியாவை வச்சு எபிண்டோலிடியோன்னு இண்டிகோவோட சொந்தக்கார நிறமி ஒண்ணை எடுத்தப்போ அது 1-ஐத் தாண்டிருச்சு, அதுவும் சும்மா காத்துல வச்சே.

நிறமிகளை வச்சு வேற வழியிலயும் போறாங்க. 2018ல ஸ்வீடன், இஸ்ரேல் ஆய்வாளர்களோட குவோவாட்ஸ்கி டீம் சேர்ந்து, நிறமியோட நானோகிரிஸ்டல்ல, அதாவது கண்ணுக்குத் தெரியாத குட்டிப் படிகங்கள்ல, ஒரு படலம் செஞ்சு, முட்டைக்குள்ள வளர்ற கோழிக்குஞ்சோட வெளிச்சமே தெரியாத விழித்திரைக்கு அடியில வச்சாங்க. லைட் அடிச்சதும் படலத்துல சார்ஜ் உண்டாகி நரம்பு செல்லைத் தூண்டிச்சு, வயரும் இல்ல பேட்டரியும் இல்ல.