கம்ப்யூட்டர் திடீரென்று அணைவது ஏன்?

வீட்டில் கரன்ட் இருக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் பட்டென்று அணைந்துவிடுகிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அதிக சூடுதான் காரணம் என்றால் இப்படித்தான் நடக்கும்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குள்ளேயே வெப்ப உணரிகள் இருக்கின்றன. சூடு எல்லையைத் தொட்டதும் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் பிராசசர்களில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். அப்படியும் சூடு ஏறினால், பாகங்களை இணைக்கும் பலகையான மதர்போர்டுக்கு நேராக ஒரு சிக்னல் போகும், மின்சாரம் அக்கணமே நின்றுவிடும். விண்டோஸுக்குத் தெரிவிக்க நேரமே கிடையாது. விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் பார்த்தாலும் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவுதான் இருக்கும். முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அதிலிருந்து பெரும்பாலும் எதுவும் தெரியாது. பிராசசர் கருகாமல் தப்பியதே இந்த ஏற்பாட்டால்தான்.

சரி, சூடு ஏன் வெளியேறவில்லை? விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் பிராசசரின் வெப்பநிலையைப் பாருங்கள். வேலையே இல்லாத அந்த நிலையிலும் அது 80, 90 என்று விறுவிறுவென ஏறினால், ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடுகள்) பிராசசர்மேல் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரை, அதாவது ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்த பாகத்தை, நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும். ஒன்று கழன்றாலே போதும், நடுவில் காற்று புகுந்துவிடும். செம்போடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்துவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை அடைக்கத்தான் தெர்மல் பேஸ்ட் என்ற பசை. காய்ந்துபோயிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிறு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். அதிகம் பூசினால் அதிகம் குளிராது.

வெப்பநிலை மெதுவாக ஏறி, கேம் ஆடும்போது மட்டும் அணைகிறதா? அப்படியானால் தூசியைத் தேடுங்கள். ஃபேன் நன்றாகச் சுற்றுவதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அதற்கு அடியில், ஹீட்சிங்கின் தகடுகளுக்கு மேலே, தூசி கம்பளிபோல் படிந்து காற்றை மறித்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது தெரியும். ஊதிச் சுத்தம் செய்யும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

அறையின் சூடும் கணக்கில் சேரும். அறை 25 டிகிரியில் இருக்கும்போது 80 காட்டும் பிராசசர், அதே வேலைக்கு 40 டிகிரி அறையில் ஏறக்குறைய 95 காட்டும். டிசம்பரில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் மே மாதம் தகராறு செய்வது இதனால்தான்.

வெப்பநிலை 60, 70ஐத் தாண்டாமலேயே அணைகிறது என்றால் அடுத்த சந்தேகம், பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளைமேல். அதை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பாகங்கள்) ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதுதான் பாதுகாப்பான சோதனை.