டிப்ளோமா கையில், சம்பளம் பழைய படியில்

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்துவிட்டு, சம்பளம் தானாக ஏறும் என்று காத்திருக்கும் ஆசிரியர்கள் கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளில் பலர். தானாக ஏறாது. பட்டத்துடன் மட்டும் இலங்கை ஆசிரியர் சேவையில் சேர்பவர் 3-I (அ) தரத்தில் இருப்பார். டிப்ளோமாவும் இருந்தால் அதற்கு மேலான 2-II. அரசின் ஊக்குவிப்பு தனிக் கொடுப்பனவாக வருவதில்லை. தரம் மாறும், அதனால் சம்பளப் படி மாறும், பின்னாளில் ஓய்வூதியமும் மாறும். அந்தத் தர மாற்றத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் வேலை.

முதலில், எதைப் படிப்பது? தமிழில் எம்.ஏ. வைத்திருந்தாலும் அது டிப்ளோமாவுக்கு ஈடாகாது. இங்கே கேட்கப்படுவது கல்வித் துறைத் தொழில் தகைமை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம், மகரகம தேசிய கல்வி நிறுவகம் மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. தமிழ்மொழிமூல வகுப்பு உண்டா என்பதை அந்த ஆண்டின் விண்ணப்ப அறிவித்தலில் பார்த்துவிடுங்கள். தகைமைகளை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8 ஆம் மட்டம். வெளிநாட்டுப் பெயரில் தனியார் நடத்தும் கற்கை என்றால், பணம் கட்டுமுன் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள முத்திரையை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

படிப்பதற்கான அனுமதி அடுத்தது. தேசிய பாடசாலை என்றால் விண்ணப்பம் அதிபர் வழியாகப் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சுக்கும், மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்வி அலுவலகம் வழியாகவும் போகும். சம்பளத்துடன் முழுநேரக் கற்கை லீவு எடுப்பவர் பிணைமுறியில் கையொப்பமிட வேண்டும். அதில் உள்ள கட்டாய சேவைக் காலத்தை வாசிக்காமல் கையொப்பம் போட்டுவிட்டு, இடையில் வெளிநாடு போக நினைக்கும்போதுதான் பலருக்கு அந்தத் தாள் ஞாபகம் வருகிறது.

படிப்பில் அதிகம் பேர் தடுக்குவது கற்பித்தல் பயிற்சியில். வரலாற்றை முறையியல் பாடமாக, அதாவது கற்பிக்கும் முறையைப் பயிலும் பாடமாக, எடுத்தவருக்குப் பாடசாலையில் தமிழ்ப் பாடவேளைகள்தான் கிடைத்திருக்கும். மதிப்பீட்டாளர் வரும் நாளில் இரவல் வகுப்பில் நின்று தடுமாறுவார். நேரசூசி போடுமுன்பே அதிபரிடம் பேசுங்கள். முதலாம் தவணையில் பயிற்சி விழுந்தால் இல்ல விளையாட்டுப் போட்டி பாடவேளைகளைத் தின்றுவிடும், அதையும் கணக்கில் எடுங்கள். பாடக் குறிப்பில் ‘மாணவர் விளங்கிக்கொள்வர்’ என்று நோக்கம் எழுதினால் புள்ளி குறையும். விளங்கியதை எப்படிப் பார்ப்பது? ‘கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சிக்கு இரண்டு காரணங்களைக் கூறுவர்’ என்றால் வகுப்பு முடிய முன்னரே சரிபார்க்கலாம்.

அமெரிக்காவில் இதே விஷயம் வேறு விதமாக நடக்கிறது. அங்கே 1987 இல் தொடங்கிய தேசிய வாரியம் ஒன்று, மாநில உரிமத்துக்கு மேலதிகமாக, விரும்பியவர்களுக்கு உயர்நிலைச் சான்றிதழ் தருகிறது. நான்கு கூறுகள்: ஒன்று கணினிப் பரீட்சை, மற்றவற்றில் மாணவர் வேலைகள், வகுப்பறை வீடியோ, தன் கற்பித்தலைத் தானே ஆராயும் எழுத்து. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வட கரோலினா இதற்குச் சம்பளத்தில் 12% கூட்டித் தருகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் வறிய மாணவர் அதிகமுள்ள பாடசாலையில் கற்பித்தால் மேலும் ஒரு தொகை. எனக்கு இந்தக் கடைசி ஏற்பாடுதான் பிடிக்கிறது. இங்கே கொழும்பு நடுவிலுள்ள பெரிய பாடசாலையில் இருப்பவருக்கும், ஆசிரியரே தங்காத தோட்டப் பாடசாலையில் இருப்பவருக்கும் ஒரே டிப்ளோமா ஒரே தரத்தைத்தான் தருகிறது.

இனி, தர மாற்றத்துக்கான விண்ணப்பக் கோவை. பட்டமளிப்பு விழா வரை காத்திருக்காதீர்கள். விரிவான பெறுபேற்றுப் பத்திரத்தையும், தகைமை எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகும் என்று குறிப்பிடும் கடிதத்தையும் பதிவாளரிடம் கேட்டு வாங்குங்கள்; நிலுவைச் சம்பளக் கணக்கு அந்தத் திகதியைப் பிடித்துத்தான் நிற்கும். நியமனக் கடிதத்தில் ஒரு முதலெழுத்து, டிப்ளோமாவில் இரண்டு, அடையாள அட்டையில் கணவர் பெயர் என்று இருந்தால் கோவை அங்கேயே படுத்துவிடும். ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே இணையுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் சிங்களம் மட்டும் வாசிப்பவர் என்றால், சிங்களத்தில் ஒரு பக்கச் சுருக்கம் வைத்தால் வேலை நகரும். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு வராதீர்கள்.