தேன்சிட்டு வேற, ஹம்மிங்பேர்ட் வேற

ஹம்மிங்பேர்டுக்குத் தமிழ்ல தேன்சிட்டுன்னு போடுறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. டாக்குமென்டரி டப்பிங்ல, பிள்ளைங்க பொது அறிவு புக்குல, எங்க பார்த்தாலும் இதே கூத்து. இன்னொரு பக்கம், மாடித்தோட்டத்து செம்பருத்திக்கு வர்ற குருவிய வீடியோ எடுத்து "எங்க வீட்டு ஹம்மிங்பேர்ட்"னு போடுறாங்க.

சொல்லுல சிக்கலே இல்ல. சிட்டுன்னா சின்னது, சிட்டுக்குடுமியில வர்ற அதே சிட்டு. தேன் குடிக்கிற சிட்டு தேன்சிட்டு, இங்கிலீஷ்ல சன்பேர்ட். அத "சூரியப்பறவை"ன்னு மாத்துறவங்க ஊர்ல வழங்குற பேர ஒரு தடவ யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்.

"ரெண்டும் சின்னது, ரெண்டும் தேன் குடிக்குது, ஒரே பேரு வெச்சா என்ன"ங்கிறது தான் எனக்கு வர்ற பதில். கொண்டையும் நீள அலகும் இருக்குன்னு கொண்டலாத்தியப் பார்த்து மரங்கொத்தின்னு சொல்றமாதிரி தான் இதுவும். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும் தான் இருக்கு, அதுக்கு நெருங்கின சொந்தம் உழவாரன் குருவி, இங்கிலீஷ்ல ஸ்விஃப்ட். தேன்சிட்டு காக்கா, சிட்டுக்குருவி இருக்குற வரிசையில வர்றது. தேனுக்காக ரெண்டுக்கும் அலகும் நாக்கும் நீண்டுச்சே தவிர உறவு ஒண்ணும் கிடையாது.

நின்னு பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஹம்மிங்பேர்ட் அந்தரத்துல நின்னுகிட்டே குடிக்கும், பின்னாடி கூட பறக்கும். தேன்சிட்டும் எப்பவாவது ஒரு நொடி சிறகடிச்சு நிக்கும், ஆனா பெரும்பாலும் காம்புல உக்காந்து, தலைகீழாத் தொங்கியாவது தான் குடிக்கும், அலகு உள்ள எட்டாத நீளப் பூவா இருந்தா அடியில ஓட்ட போட்டு தேன எடுத்துடும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆணுக்கு உச்சந்தலை பச்சையா மின்னும், முதுகு அரக்கு, வயிறு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்க காலத்துல மொத்தமா கருநீலம், அப்புறம் மஞ்சளாகி தொண்டையிலேர்ந்து வயிறு வரைக்கும் ஒரு கருப்புக் கோடு மட்டும் நிக்கும், பலபேர் அத வேற பறவைன்னு நினைச்சுக்குறாங்க. கூடு பாருங்க, சிலந்தி நூல்ல நார், மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் ஒட்டி, வாசலுக்கு மேல சின்னதா தாழ்வாரம் வெச்சு தொங்கவிட்டிருக்கும், துணிக்கொடியில கூட கட்டும். ஹம்மிங்பேர்ட் கூடு சின்னக் கிண்ணம்.

அப்ப ஹம்மிங்பேர்டுக்கு என்ன சொல்றது? ரீங்காரச்சிட்டுன்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு ஒட்டல, ரீங்காரம்னாலே வண்டு தான் ஞாபகத்துக்கு வருது, போதாததுக்கு அது ஹம்மிங்க அப்படியே இறக்கி வெச்சது. ஓசனிச்சிட்டு நல்ல சொல், ஓசனிக்கிறதுன்னா பறவை சிறகடிக்கிறது, அந்தப் பறவையோட வேலையே அதுதான். இது புரியாதுன்னு பயப்படுற மொழிபெயர்ப்பாளர் ஹம்மிங்பேர்ட்னே எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. செம்பருத்தியில தொங்குறவன் பேர மட்டும் எடுத்து அதுக்குக் குடுக்காதீங்க.