பாஸுக்குக் காசு இருக்கிறது, மணிக்கட்டுக்கு இல்லையா?

ஸ்போர்ட்ஃபேரியன் என்கிற பெப்ரவரிப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சுவிஸ் மலையடிவார வைத்தியசாலைகளில் வேலை செய்யும் எங்களுக்கு மாலை நேரம் என்று ஒன்று இல்லை. அது எங்கள் தொழில், அதைப் பற்றி முறைப்பாடு கிடையாது. எரிச்சல் வருவது, ஸ்நோபோர்டில் சறுக்கப் பழகுகிறவர்களின் ஒரே காயத்தை ஒரே காரணத்தோடு ஒவ்வொரு பெப்ரவரியிலும் பார்க்கும்போது. அதிலும் இப்போது நம்மவர்கள் அதிகம். பிள்ளைகள் ஸ்கிலாகர் என்கிற பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு முகாமில் பழகிவிட்டு, அடுத்த வருடம் தாய் தகப்பனையும் மலைக்கு இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு கிழமைக்கு வீடு, லிஃப்ட் பாஸ், ஜாக்கெட், சமையல் சாமான் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வருகிறவர்கள், விழுவதற்கு மட்டும் எந்த ஆயத்தமும் செய்வதில்லை.

இந்த முறை வந்தவர் உணவகச் சமையலறையில் வேலை செய்யும் ஒரு தகப்பன். லாக்ஸ் என்ற சறுக்கு மலையில் ஒரு கிழமை விடுமுறை. முதல் நாள், மத்தியானத்துக்கு முன்னமே, தொடக்கநிலைச் சரிவில் விழுந்திருக்கிறார். மணிக்கட்டு வளைந்து, கை முழுக்க வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. அதை அறுத்துத்தான் எடுத்தோம். (மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எதுவும் மலைக்கு வேண்டாம். வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.) அறுக்கும்போது அவர் சொன்னது: "பனிதானே டொக்டர், விழுந்தால் நோகாதெண்டு நினைச்சன். மெதுவாத்தான் போனனான்."

இந்த இரண்டு வசனங்களையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பனி மெத்தென்று இருக்கும் என்று யார் சொன்னது? வானத்திலிருந்து இப்போதுதான் விழுந்த பனி அப்படித்தான். அது ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அளவே இருக்கும், சில வேளை அதிலும் குறைவு. ஆனால் நீங்கள் பழகும் சரிவு அது அல்ல. லிஃப்ட் நின்ற பிறகு இரவில் பெரிய இயந்திரங்கள் அதை அரைத்து அமுக்குகின்றன. அப்போது அது 500 கிலோவை நெருங்குகிறது. பல இடங்களில் அது இயந்திரம் தூவிய செயற்கைப் பனி. அது தொடக்கத்திலேயே கனமானது. பகல் வெயிலில் மேல்பரப்பு உருகும், இரவுக் குளிரில் திரும்ப உறையும். காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாக நீங்கள் ஏறும்போது காலுக்குக் கீழே இருப்பது அரைவாசி ஐஸ்கட்டி. தொடக்கநிலைச் சரிவு இதில் இன்னும் மோசம். நாள் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் அதே துண்டு நிலத்தில் விழுந்து எழும்பி அதை இறுக்கிவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் போர்டைக் கட்டுவதற்கு முன் குனிந்து கைமுஷ்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அந்தப் பரப்பில்தான் உங்கள் முழுப் பாரமும் ஒரு மணிக்கட்டில் இறங்கப்போகிறது.

"மெதுவாத்தான் போனனான்" என்பதும் ஆறுதல் இல்லை. இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருக்கிறது. தடுமாறினால் ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாது. கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும்போதே பலகையின் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் குத்தினால் ஆள் அப்படியே சாய்வார். முன்னால் சாய்ந்தால் கை, பின்னால் சாய்ந்தால் குண்டியெலும்பும் பிடரியும். ஆகவே ஹெல்மெட் பற்றி நான் விவாதம் செய்யப்போவதில்லை.

மணிக்கட்டுக் கவசம் பற்றிச் செய்வேன். ஹெல்மெட் போடாதவரை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். கவசம் போட்டவரையும் அப்படித்தான். நார்வேயில் 5029 ஸ்நோபோர்ட்காரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் கவசம் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் முடிவு வெளியானது. கவசம் போடாதவர்களில் 29 பேருக்கு மணிக்கட்டுக் காயம், போட்டவர்களில் 8 பேருக்கு. எங்கள் துறையில் இவ்வளவு தெளிவான பதில் கிடைப்பது அபூர்வம். வாடகைக் கடையில் போர்ட் எடுக்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் கவசம் உள்ளே வைத்துத் தைத்த கையுறை வாங்குங்கள். தனிக் கவசம் என்றால் கையுறையோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள், மலையில் போய் "கையுறை ஏறவில்லை" என்று பையில் வைக்க வேண்டாம். இது சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைக்கும் பெரியவர்களே, உங்கள் எலும்பு அவர்களுடையதைவிட மெதுவாகத்தான் பொருந்தும்.

விழும்போது கையை விரித்து ஊன்றாமல், கையை முஷ்டியாக மூடி முன்னங்கையில் விழவேண்டும். இதை வாசித்துப் பழக முடியாது, பயிற்சியாளர்தான் பழக்க வேண்டும். "மகன் சொல்லித் தருவான்" என்று வருகிறீர்கள். மகனுக்கு ஓடத் தெரியும், சொல்லிக் கொடுக்கத் தெரியாது. அரை மணித்தியாலத்தில் அலுத்துப்போய், லிஃப்டில் உங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் நண்பர்களோடு போய்விடுவான். முதல் மூன்று நாளுக்கும் வகுப்பைப் புறப்படுவதற்கு முன்பே பதிவு செய்யுங்கள். விடுமுறைக் கிழமையில் அங்கே போய்க் கேட்டால் இடம் இராது.

பாஸ் வாங்கும்போதும் யோசியுங்கள். ஃபிளிம்ஸ், லாக்ஸ், ஃபலேரா மூன்றும் சேர்ந்தால் 224 கிலோமீட்டர் சறுக்குப் பாதை, உயரத்தில் வோராப் பனியாறு, கிராப் சோன் ஜியோனில் உலகப் போட்டி நடக்கும் ஹாஃப்பைப் என்கிற அரைக்குழாய்ப் பனித்தடம். எல்லாம் உண்மை. முதல் இரண்டு நாளும் உங்களுக்குத் தேவைப்படுவது அதில் சில நூறு மீட்டர். தொடக்கநிலைப் பகுதிக்கு மட்டுமான சீட்டு உண்டா என்று கேளுங்கள். முழுப் பாஸுக்குக் கொடுத்த காசை "எடுக்க வேண்டும்" என்று நாலு மணிவரை நிற்பவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். பிரான்சில் பழகிவிட்டு வரும் உறவினர்களுக்கு ஒன்று: சுவிஸில் பச்சைப் பாதை கிடையாது, நீலம்தான் ஆக இலகு. புதன்கிழமை ஓய்வெடுங்கள். கடைசி ஓட்டமாகக் கிராமம்வரை சறுக்கி இறங்குகிற ஆசையை விடுங்கள். அந்தப் பாதை பின்னேரத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் கூழ், நிழலெல்லாம் ஐஸ், கூட்டமும் அதில்தான், உங்கள் தொடையில் பலமும் இராது. கேபிள் காரில் இறங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பாதைக்கு வெளியே போவது பற்றிச் சுருக்கமாக. பனிச்சரிவு அபாயம் ஐந்து நிலைகளில் சொல்லப்படும். "மூன்றுதானே, நடுத்தரம்" என்கிறார்கள். சுவிஸில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இறப்பது அந்த மூன்றாம் நிலை நாட்களில். முதல் கிழமைக்காரருக்கு அங்கே வேலையே இல்லை.

காப்புறுதி. ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால்தான் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளியின் விபத்துக் காப்புறுதி பொறுப்பேற்கும். இரண்டு மூன்று இடத்தில் சில்லறை மணித்தியாலம் செய்யும் எங்கள் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. அவர்களுக்கு நோய்க் காப்புறுதியில் விபத்தும் சேர்ந்திருக்க வேண்டும். அதில் மீட்புச் செலவின் அரைவாசி மட்டுமே கிடைக்கும், அதுவும் வருடத்துக்கு 5000 ஃபிராங்வரை. இழந்த சம்பளத்துக்கு ஒன்றும் இல்லை. ஹெலிகொப்டரில் மீட்கும் ரேகா நிறுவனத்தின் ஆதரவாளர் அட்டை காப்புறுதி அல்ல, அது நன்கொடை. மற்ற எவரும் கட்டாத மீட்புச் செலவை அவர்கள் தள்ளுபடி செய்யலாம், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் குளிர்கால விளையாட்டு சேர்ந்த பயணக் காப்புறுதி எடுங்கள். மலை மீட்புக்கு ஐரோப்பிய சுகாதார அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். ரேகாவின் இலக்கம் 1414, கைபேசியில் பதிந்து வையுங்கள்.

விழுந்தபின் தயவுசெய்து உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள். பெருவிரலின் அடியில் அமுக்கினால் நோகிறதா? கணுக்காலின் வெளிப்பக்கம், எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே நோகிறதா? முதலாவது மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்ட் எலும்பின் முறிவாக இருக்கலாம், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். இரண்டாவதைச் சுளுக்கு என்று நினைத்து நடந்துகொண்டே வருவார்கள். கணுக்காலில் உள்ள தாலஸ் எலும்பின் ஓரம் உடைவது ஸ்நோபோர்ட்காரரிடம் அடிக்கடி காண்பது, பல வேளை சிடி ஸ்கேன் எடுத்தால்தான் பிடிபடும். ஆகவே "எதில் விழுந்தீர்கள்?" என்று கேட்டால் ஸ்கீயா ஸ்நோபோர்டா என்று சரியாகச் சொல்லுங்கள். நோவெண்ணெய் பூசி, துணி சுற்றி, சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று கிழமை முழுக்க இழுக்காமல் அன்றைக்கே வந்து காட்டுங்கள்.